உன் பெயருக்கு வருகிற கரண்ட் பில்

என் அன்பு மாப்பிள்ளை கனகராஜுக்கு,

மேட்டுப்பாளையத்தில், ஒரு ஓட்டல் வாசலில், கார் சார்ஜ் போடுகிற இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் மூன்று வண்டிகள் நிற்கின்றன. எல்லாம் மலைக்குப் போகிற சீசன் கூட்டம். இருக்கிற இரண்டு மெஷினில் ஒன்று படுத்துவிட்டது. என் முறை வருவதற்கு எப்படியும் இரண்டு மணி நேரமாகும். டீசல் வண்டி ஓட்டின காலத்தில் இப்படிப் பட்டப்பகலில் சும்மா உட்கார எனக்கு நேரம் கிடைத்ததுண்டா? அதனால் டிரிப் ஷீட்டைத் திருப்பிப் போட்டு உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பேப்பரில் உன் படம் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று உன் மகன் பிரகாஷ் கொடுத்திருந்தான். படத்தில் கோட்டு போட்டிருக்கிறாய். உன்னிடம் ஏதப்பா கோட்டு? ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டார்கள். படத்துக்குக் கீழே நான்கு வரிகள். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் செத்துப்போன யாருக்கும் அது பொருந்தும். எனக்கு நான்கு வரி போதாது மாப்பிள்ளை. இதை எழுதி முடித்ததும் அதே பேப்பருக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை உன் பெண்டாட்டி சாவித்திரியைக் கோயமுத்தூரில் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டேன். பிரகாஷ் கூடவே இருந்தான். உன் வீட்டைப் பூட்டியாகிவிட்டது. போகாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் என் கார் என்றால் நீ நம்புவாயா?

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் வீடுகள் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ரோடு மேலே போகும், வீடுகள் சரிவில் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். ரோட்டோரமாக வீடு வைத்திருப்பவன் கொடுத்து வைத்தவன். நீ அப்படி ஒருவன். பக்கத்து வெலிங்டனில் எலெக்ட்ரீசியனாக வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, ரோட்டு மட்டத்தில் வீடும், பக்கத்தில் தகரம் போட்ட ஒரு செட்டும் வைத்திருந்தாய். உன் செட்டுக்குப் பக்கத்திலிருந்து இறங்கும் படிக்கட்டில் எண்பத்துநான்கு படி கீழே என் வீடு. இருபத்தெட்டு வருஷமாக டாக்சி ஓட்டுகிறேன், ஒருநாளும் என் வண்டி என் வீட்டு வாசலைப் பார்த்ததில்லை.

நீதான் ஆரம்பித்தாய். "மச்சான், அந்த டீசல் டப்பாவத் தலைய முழுகிட்டு கரண்ட் வண்டி எடுடா" என்றாய். நான் சிரித்தேன். "எண்பத்துநாலு படிக்குக் கீழ இருக்குதுடா என் வீட்டு பிளக்கு. வண்டியத் தூக்கிட்டா எறங்கறது?" என்று கேட்டேன். "என் செட்டு எதுக்குடா இருக்குது?" என்றாய். அவ்வளவுதான் பேச்சு. உன் செட்டை நம்பித்தான் நான் கார் வாங்கினேன். கம்பெனிக்காரன் சொன்ன கிலோமீட்டரையோ, பத்து பேர் சொன்ன புத்தியையோ நம்பி வாங்கவில்லை.

வாடகை வண்டிக்கு வீட்டு மீட்டரில் சார்ஜ் போடக் கூடாது, தனி மீட்டர் வாங்குவதுதான் முறை என்று மின்வாரிய ஆபீசுக்கு நீயே நாலு தடவை நடந்தாய். உன் இடம் என்பதால் மீட்டர் உன் பெயருக்கே வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உன் போனுக்கு மெசேஜ் வரும். நீ படித்துத் தொகையைச் சொல்வாய், நான் கட்டுவேன். டீசலுக்குப் போனதில் கால்வாசிகூட இல்லை. முதல் பில்லைப் பார்த்துவிட்டு நான் நம்பாமல் உன்னை இன்னொரு தடவை படிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ தீர்ப்பு வாசிக்கிற மாதிரி வாசித்தாய்.

இரவு எட்டு மணிக்குச் செட்டில் வண்டியை விட்டு பிளக்கைச் சொருகிவிட்டு நான் படியிறங்கிப் போவேன். விடியற்காலை ஐந்து மணிக்கு நீ எழுந்து வந்து, பேட்டரி நூற்றுக்கு எண்பது ஏறியிருக்கிறதா என்று பார்த்து ஸ்விட்சை நிறுத்துவாய். விலை கூடிய வண்டிகளில் எண்பதில் தானாக நின்றுகொள்ளும் வசதி உண்டாம். என் வண்டியில் இல்லை. ஆறு மணிக்கு நான் மேலே வரும்போது சாவித்திரி டீயோடு நிற்பாள். மூன்று பேரும் செட்டிலேயே நின்று குடிப்போம். "நூறு வரைக்கும் ஏறட்டுமேடா, கஞ்சப்பயலே. கரண்டுக்கு நாந்தான காசு கட்டறேன்?" என்று நான் உன்னைச் சீண்டுவேன். "எறக்கத்துக்குக் கொஞ்சம் காலி வேணும் மச்சான்" என்று ஏதோ விளக்குவாய். நான் காதில் வாங்கியதே இல்லை.

எப்படி வாங்குவேன்? நாம் மலைக்காரர்கள், நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். டீசல் மேலே விலை கூட. அதனால் கீழே இறங்கும் வண்டி மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் மலையேறும். நிறைந்த டேங்கு என்றால் நிம்மதி. இருபத்தெட்டு வருஷம் அப்படி ஓட்டினவனிடம் போய், கொஞ்சம் காலியாக இருந்தால்தான் நல்லது என்றால் மண்டையில் ஏறுமா?

ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. போன சீசனில் ஒரு மத்தியானம், செட்டில் ஏதோ ஒயரை எடுக்கப் போனவன் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நான் கிளென்மார்கன் பக்கம் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு அவர்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்காகக் காத்திருந்தேன். அங்கே போனுக்கு டவர் கிடையாது. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரோ காய்கறி ஏற்றி வந்த வேன்காரர். ஊரில் எத்தனை பேரையோ அவசரத்துக்கு ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். உன்னை ஏற்ற நான் இல்லை. இதை நினைக்காத நாள் இல்லை மாப்பிள்ளை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வண்டியை எங்கே விடுவதென்று தெரியாமல் இரண்டு நாள் ரோட்டிலேயே நிறுத்தினேன். மூன்றாம் நாள் சாவித்திரியே படிக்கட்டின் மேல்முனையில் வந்து நின்று கூப்பிட்டாள். "ஏனுங்ணா, அவரு போயிட்டா செட்டும் போயிருச்சுங்களா? வண்டியக் கொண்டாந்து உடுங்க." நான் விட்டேன். ஐந்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நூறு காட்டியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்தான். "அண்ணன் வயிறு நெறையப் போகட்டும்னு உட்டுட்டேங்ணா" என்றாள்.

அன்றைக்கென்று கோயமுத்தூர் ஏர்போர்ட் சவாரி. பின் சீட்டில் புருஷன், பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. குன்னூர் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் வண்டி என் வண்டியாகவே இல்லை. வழக்கமாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதுவே இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பில் பேட்டரியும் கொஞ்சம் ஏறும். பிரேக்கை மிதிக்கவே வேண்டியதில்லை. பேட்டரி தளும்ப நிறைந்திருந்தால் மேற்கொண்டு ஏற்ற இடமில்லை, அதனால் இழுக்காது. இது எனக்கு அப்போது தெரியாது. கியர் வண்டியாக இருந்தால் செகண்டில் போட்டு இறக்கலாம், இதில் கியர் ஏது? வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்து மிதித்து இறங்கினேன். பாதி இறக்கத்தில் மரப்பாலம் வருவதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. பெடல் காலுக்கடியில் அமுங்கி அமுங்கிப் போயிற்று. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எப்படியோ ஓரம் கட்டி, குரங்கு பார்ப்பதற்காக நிறுத்தின மாதிரி நடித்து, அரை மணி நேரம் ஆறவைத்து இறக்கினேன். அங்கே நின்றபோதுதான் நீ சொன்ன "கொஞ்சம் காலி" எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்று சொல்ல நீ இல்லை.

சாவித்திரியிடம் இதை எப்படிச் சொல்வது? ஆசையாக நிரப்பி விட்டவளிடம், நீ நிரப்பியதால் பிரேக் போகப் பார்த்தது என்றா? சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து ஐந்து மணிக்கு நானே படியேறி வந்து நிறுத்தினேன். உனக்குத் தெரியும், என் முழங்கால் எப்படிப்பட்டதென்று. ஒருநாள் பாதிப் படியில் காட்டெருமை ஒன்று நகர மாட்டேனென்று நின்றது. அது போகிறவரை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பத்து நாள் போயிருக்கும், அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"எதுக்குங்ணா இந்த நேரத்துல படியேறி வாரீங்க? அஞ்சு மணிக்கு நான் முழிச்சுட்டுத்தான் கெடக்கறேன். சொன்னா நிறுத்த மாட்டனா?"

சொல்லிவிட்டேன். மரப்பாலத்தைச் சொல்லாமல் மேலோட்டமாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் எலெக்ட்ரீசியன் பெண்டாட்டி ஆயிற்றே. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கு அந்தக் கொளந்தைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா..." என்று மட்டும் கேட்டாள். குழந்தை இருந்ததை அவளுக்கு எப்போது சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாளிலிருந்து அவளே எழுந்து நிறுத்தினாள். நான் வேண்டாம் என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் மாப்பிள்ளை. இரண்டாவது தடவை சொல்லவில்லை. படியேறாமல் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாமே என்றிருந்தது எனக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செட்டு வாசலில் பாசி. ஒரு நாள் விடியற்காலை போன் வந்தது. "அண்ணா, எண்பதுல நிறுத்திட்டேங்ணா. கொஞ்சம் மேல வாரீங்களா, கையி ஒரு மாதிரி இருக்குது." ஓடினேன். செட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சேலையெல்லாம் சேறு, வலது மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. வாசலில் விழுந்திருக்கிறாள். விழுந்தவள், தவழ்ந்து உள்ளே போய், எம்பி இடது கையால் ஸ்விட்சை நிறுத்திவிட்டு அப்புறம்தான் எனக்குப் போன் போட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு இந்தத் தடவை என் வண்டியில்தான் போனோம். எண்பது இருந்தது.

பிரகாஷ் பெங்களூரிலிருந்து ஓடி வந்தான். ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதுதான் என்னை வாட்டியது. "மாமா, நான் உங்களக் குத்தம் சொல்லலைங்க. அப்பாவும் அந்த செட்லதான் உழுந்தாரு, இப்ப அம்மாவும். எனக்கு அந்த எடத்தப் பாத்தாலே பயமா இருக்குதுங்க" என்றான். அம்மாவைக் கூப்பிட்டான். வருஷம் திரும்பி உன் தெவசம் முடியாமல் வீட்டைப் பூட்ட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அது நியாயம், அவன் ஒத்துக்கொண்டான். அப்புறம் வருவாயா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அவன் என்னிடம் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. "நான் வந்துட்டா அண்ணன் வண்டிய எங்கடா சார்ஜ் போடுவாரு?"

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அவள் கைக்குப் பிடி வரவில்லை. டீ வடிக்கும் சட்டியைக்கூட இடது கையால்தான் தூக்கினாள். ஐந்து மணிக்கு நான்தான் படியேறினேன். செட்டைப் பார்த்த ஜன்னலில் அவள் முகம் தெரியும். நான் நிறுத்திவிட்டுத் தலையாட்டினால்தான் உள்ளே போவாள். அந்த வீட்டில், அந்த ஜன்னலில், அவள் நன்றாகத்தான் இருந்தாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்ததா, அல்லது அது நிஜமா? நீ இருந்தால் உன்னைக் கேட்டிருப்பேன்.

பங்குனியில் பிரகாஷ் மறுபடி வந்தான். படியிறங்கி என் வீட்டுக்கே வந்தான். "தெவசம் முடிஞ்சதும் அம்மாவக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேனுங்க மாமா. நீங்க சார்ஜுக்கு வேற எடம் பாத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா அவங்க வந்துருவாங்க" என்றான். நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல? உன் அம்மாவுக்குப் பெங்களூர் பிடிக்காது பிரகாஷ், போன தடவை போனபோது நாலாவது மாடி பால்கனியில் நின்று பக்கத்துப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னாள், அவள் இங்கேயே இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவன் மனதில் முதலில் என்ன ஓடும்? மாமாவுக்கு மீட்டர் வேண்டும், அதனால் சொல்கிறார்.

அவனை விடு. அன்று இரவு என் மல்லிகாவே கேட்டாள். "நீங்க தங்கச்சிக்காகப் பேசறீங்களா, மீட்டருக்காகப் பேசறீங்களா? எனக்கே தெரிய மாட்டேங்குதுங்க." கல்யாணமாகி முப்பது வருஷமாகிறது, அவளுக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அந்தச் செட்டு இல்லாமல் போனால் இந்தக் காரை வைத்துக்கொண்டு நான் பிழைக்க முடியாது. அது தெரிந்த பிறகு என் வாயிலிருந்து வருகிற எந்த வார்த்தையை நானே நம்புவது?

அதனால் பொய் சொன்னேன். ஸ்டாண்டுப் பக்கத்திலேயே சார்ஜ் போட ஒரு இடம் கிடைத்துவிட்டது, செட்டு இனிமேல் வேண்டாம் என்று சாவித்திரியிடம் சொன்னேன். வண்டியைக் கொஞ்சம் தள்ளி ரோட்டு வளைவில் நிறுத்தினேன். அந்த மூன்று வாரம் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? ஓட்டல்களில் இருக்கிற சார்ஜர் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும். பொதுவில் இருப்பது இரண்டோ மூன்றோ. ஒன்றில் ஆப் திறக்காது, திறந்தால் பணம் மட்டும் போகும், கரண்ட் வராது. வேலை செய்கிற இடத்தில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். யூனிட்டுக்கு உன் செட்டில் ஆவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, வரி தனி. காத்திருக்கும் நேரத்தில் இரண்டு சவாரி கைவிட்டுப் போகும். கூடலூர் சவாரி ஒன்றைச் சார்ஜ் போதாதென்று வேறு வண்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் வண்டியை வளைவில் நிறுத்திக்கொண்டிருந்தபோது சாவித்திரி வந்து முன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். திரையில் பதினொன்று என்று காட்டியது. "புது எடத்துல இவ்வளவுதான் ஏறுதுங்களா?" என்று கேட்டாள். நான் திரையை அணைத்தேன். "உங்களுக்குப் பொய் சொல்ல வரலைங்ணா. வண்டிய உள்ள உடுங்க." ஆகாத வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு அவளே பிளக்கைச் சொருகினாள். அன்றைக்கு நான் செட்டில் நின்று அழுதுவிட்டேன். அவள் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

உன் தெவசத்துக்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். அலமாரிக்கு மேலே இருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுக்கச் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் ஒரு டைமர் ஸ்விட்ச், புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. எத்தனை மணிக்கு நிற்க வேண்டுமோ அதைத் திருகி வைத்துவிட்டால் தானாக நின்றுவிடுகிற சாமான். நான் கார் வாங்கின வாரமே நீ அதை வாங்கி வைத்துவிட்டாயாம்.

"ஏன் மாட்டலைன்னு நான் கேட்டேனுங்ணா. இதப் போட்டுட்டா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எனக்கென்ன வேல, அவன் வர்றதுக்குள்ள நான் எதுக்கு முழிச்சிருக்கோணும்னாரு."

நான் கேட்டேன், "இது இருக்கறது தெரிஞ்சும் நீ ஏம்மா சொல்லல? அந்த மழையில எதுக்கு எந்திரிச்சுப் போன?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கும் வேற வேல இல்லீங்களேண்ணா."

பிறகு அவளே சொன்னாள். "மாட்டிக்கங்ணா. நான் பெங்களூரு போறேன். நான் இங்க இருந்தா நீங்க எனக்காகப் பொய் சொல்லிட்டு, பாதிச் சார்ஜோட ஓடுவீங்க. மல்லிகாக்கா பாவம். பிரகாசும் அங்க தூங்க மாட்டேங்கறான்." அப்போது சொல்லியிருக்கலாம் நான். போகாதே, வண்டி கிடக்கிறது கழுதை, அதை விற்றுத் தொலைக்கிறேன், நீ உன் வீட்டில் இரு என்று சொல்லியிருக்கலாம். விற்றால் நான் என்ன செய்வேன்? அந்தக் கேள்வி முன்னால் வந்து நின்றது. தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், டைமரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன்.

உன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நானே மாட்டினேன். நேற்றுக் காலை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் செட்டில் நின்று பார்த்தோம். டக் என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. திரையில் எண்பது. சாவித்திரி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "இவ்வளவுதானுங்ளாண்ணா?" என்றாள்.

இன்று காலை அவளை முன் சீட்டில் உட்காரவைத்து இறக்கினேன். பிரகாஷ் பின்னால் மூட்டைகளோடு. இத்தனை நாள் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினவள், மலை இறக்கத்தில் அதில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மரப்பாலம் தாண்டும்போது திரையைக் காட்டி, "அண்ணா, எண்பத்திரெண்டுங்ணா! ஓடற வண்டிக்கு ஏறுது!" என்றாள். கல்லாறு வரும்போது எண்பத்தைந்து. "என்னயக் கொண்டுபோயி உடறதுக்கு அதுக்குச் சந்தோசம் பாருங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது மாப்பிள்ளை?

பஸ் கிளம்புவதற்கு முன்னால் பிரகாஷ் செட்டுச் சாவியைக் கொடுத்தான். "ஊடு விக்கற வரைக்கும் நீங்க போட்டுக்கங்க மாமா" என்றான். நல்ல பையன். எப்போது விற்பான் என்று நான் கேட்கவில்லை. சாவித்திரி ஜன்னலுக்கு உள்ளேயிருந்து உன் பழைய போனை எடுத்துக் காட்டினாள். இந்த ஒரு வருஷமாக அதற்கும் தினம் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள், கரண்ட் பில் மெசேஜ் அதில்தானே வருகிறது. "இத நான் எடுத்துட்டுப் போறேங்ணா. அவரு பேருக்கு பில்லு வந்தா, நீங்க ஓடறீங்க, செட்டுல வண்டி நிக்குதுன்னு தெரிஞ்சுக்குவேன். வரலைன்னா பயந்துக்குவேன்" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

இதோ, எனக்கு முன்னால் இருந்த வண்டி நகர்கிறது. அடுத்தது நான். இங்கே மலையேற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போட்டுக்கொள்கிறேன். முன் சீட்டு காலிதான், ஆனாலும் இறக்கத்தில் ஏறினதைவிட ஏற்றத்தில் எத்தனையோ பங்கு கரண்ட் சாப்பிடும். மீதியை இன்று இரவு எட்டு மணிக்கு உன் செட்டில் போடுகிறேன்.

உன்னிடம் சொல்ல எனக்கு இந்த ஒன்றுதான் இருக்கிறது, மாப்பிள்ளை. அந்த வீடு கைமாறுகிற நாள் வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உன் பெயருக்கு பில் வரும். ஒரு தடவைகூடத் தவறாது. அவள் பெங்களூரில் நாலாவது மாடியில் நின்று உன் போனில் அதைப் படிப்பாள். டைமர் நிறுத்தட்டும், அது பாட்டுக்கு நிறுத்தட்டும். ஐந்து மணிக்கு நான் எண்பத்துநான்கு படியும் ஏறி வந்து அங்கே நிற்பேன்.

எண்பத்துநான்கு படிக்குக் கீழே இருக்கிற,
உன் மச்சான் சுந்தரம்